பொதுமகள் அனைவரும் வருக

விழுந்தது ஒரே ஒரு எழுத்துதான். 'பொதுமக்கள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'க்' காணாமல் போயிருந்தது. 'பொதுமகள் அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் அச்சாகி, காரைக்குடி முழுக்க ஒட்டியும் ஆகிவிட்டது. பொதுமகள் என்றால் விலைமாது. ஊரைக் கூப்பிடப் போன நோட்டீஸ், ஊர் யாரைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கூசியதோ அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்துவிட்டது.

வேறு கூட்டமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அது ஒரு பட்டிமன்றம். தலைப்பு, 'விலைமாதர் தொழிலுக்குச் சட்ட அனுமதி அளிக்கலாமா, கூடாதா?' அதில் 'அளிக்கலாம்' என்ற பக்கம் பேச ஒத்துக்கொண்டவள் நான்.

இப்போதும் இந்த விவாதம் அவ்வப்போது தொலைக்காட்சியில் வருகிறது. சட்டமாக்கினால் அவர்களுக்குப் பாதுகாப்பு என்கிறார் ஒருவர். சட்டமாக்கினால் அவர்களை விற்பவனுக்குத்தான் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் நன்றாகவே பேசுகிறார்கள். எனக்குத்தான் உட்கார முடிவதில்லை. எழுந்து போய் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று பிள்ளைகளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒற்று விட்டுப்போனால் பொருள் கெட்டுப்போகும் என்பதற்கு நான் கரும்பலகையில் எழுதிப்போடும் உதாரணங்கள் எல்லாம் சப்பென்று இருக்கும். ஒரு நல்ல உதாரணம் சுவர் சுவராக வந்து ஒட்டிக்கொண்டது. அதை வகுப்பில் சொல்லத்தான் முடியாது.

அந்தத் தலைப்பு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஓட்டு வீடு ஒன்றில் ஒரு பெண்ணும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். மகள் செய்த தொழில் இன்னதென்று ஊருக்கே தெரியும். எந்தக் கடை முதலாளிக்குத் தெரியும், எந்த அலுவலகத்தாருக்குத் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அன்று ஊரில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் முறை வைத்துக் கூப்பிடாமல் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவே முடியாது. காய்கறிக்காரி அக்கா, வண்டிக்காரர் அண்ணன், வட்டிக்குக் கொடுக்கிறவர் வீட்டில் ஆச்சி. யாராக இருந்தாலும் ஒரு முறை உண்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் எந்த முறையும் வைத்திருக்கவில்லை. 'ஏய்' என்பார்கள், 'இந்தாம்மா' என்பார்கள். அவ்வளவுதான்.

சந்தின் மறுமுனையில் எங்கள் பள்ளியின் பின்சுவர். பள்ளிக்கும் கோயிலுக்கும் இருநூறு கெஜத்துக்குள் அந்தத் தொழில் நடந்தால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது என்று யாரோ கண்டுபிடித்து, மனு எழுதிவிட்டார்கள். போலீஸ் வந்து, ஆடி பதினெட்டுக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. வீட்டுக்காரரையும் மிரட்டியது. இந்தச் சட்டத்தில் வீடு கொடுத்தவரும் மாட்டுவார், அந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவரும் மாட்டுவார். கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்கு மகள் ஊட்டும் கஞ்சிகூடக் குற்றத்தில் சேர்ந்துவிடும்.

ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? நல்ல குடித்தனக்காரர்களுக்கே ஆடி மாதத்தில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். இது எங்கள் ஊர் போலீஸுக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

இந்தப் பேச்சு ஊரில் சூடாக இருந்தபோதுதான் எங்கள் இலக்கிய மன்றத்தின் செயலாளர் அதையே தலைப்பாக்கினார். அவர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், பள்ளிக் குழுவிலும் இருந்தவர். ஊரில் எது நடந்தாலும் அதற்கு ஒரு மேடை போட்டுவிட வேண்டும் அவருக்கு. 'கூடாது' என்று பேச ஆள் வரிசையில் நின்றது. 'அளிக்கலாம்' என்று பேச ஓர் ஆண்பிள்ளை கிடைக்கவில்லை. "இதெல்லாம் ஒனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அத்தனை பேருக்கும் பயம். அந்த நிலையில்தான் செயலாளர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க கூடாதுன்னு பேசுங்க. பொம்பளைக பேசினா அதுக்கு ஒரு மரியாதை இருக்கும். அந்தப் பக்கத்துக்கு வெளியூருலருந்து யாரையாச்சும் பிடிச்சுக்குருவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. "அந்தப் பக்கமே நான் பேசுறேன். வெளியூருக்கு எல்லாம் போக வேணாம்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை அவருக்கு. எதையும் ஆற அமரத்தான் சொல்வார். "பேசுறதுன்னா பேசு. ஆனா இம்புட்டு விவரம் எப்படித் தெரியும்னு யாராச்சும் கேட்டா, வீட்டுக்காரர் சொன்னாருன்னு மட்டும் சொல்லிப்புடாத" என்றார். சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் அறையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. செயலாளர் அச்சகத்துக்கு ஓடினார். அச்சகத்தார், புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று திருப்பிக் கேட்டார். வேறு வழியில்லாமல் கடைப் பையன்களிடம் மையையும் பேனாவையும் கொடுத்து ஊர் முழுக்க அனுப்பினார். ஒவ்வொரு நோட்டீஸிலும் அந்தக் 'க்'கை எழுதிவிட்டு வந்தார்கள். தியேட்டர் வாசல், ரயிலடி, செக்காலைப் பக்கம், எல்லாம் திருத்தியாகிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் ஒட்டியதை மட்டும் யாரும் திருத்தவில்லை. பட்டப்பகலில் அந்தச் சந்துக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று ஒருத்தனும் போகவில்லை.

ஆக, ஊரில் திருத்தப்படாத ஒரே நோட்டீஸ் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. முனையில் சோடாக்கடை வைத்திருந்தவர் படித்துச் சொல்லியிருக்கிறார். 'நடுவர் தீர்ப்பு வழங்குவார்' என்று அதில் இருந்தது. மாஜிஸ்திரேட்டை நடுவர் என்று பத்திரிகைகளில் தமிழாக்கி எழுதத் தொடங்கியிருந்த நேரம் அது. சட்ட அனுமதி, வாதம், நடுவர், தீர்ப்பு. இதற்கு மேல் 'பொதுமகள் அனைவரும் வருக'. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் யாருக்குமே அது ஒரு விசாரணைக்கான அழைப்பாகத்தான் தோன்றும். "ஒங்களத்தான் கூப்பிட்டுருக்காக, போயிச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க" என்று சோடாக்கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்.

பட்டிமன்றம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் தொடங்கியது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். நான் மேடையில் இருந்தேன். நடுவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பேராசிரியர். நகைச்சுவைக்குப் பேர்போனவர். அவர் தொண்டையைச் செருமினாலே வலப்பக்கம் சிரிக்கும்.

வரவேற்புரை நடக்கும்போது அந்தப் பெண் உள்ளே வந்தார். வெளுத்த கைத்தறிச் சேலை, இழுத்துப் போர்த்திய முந்தானை. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் உடுத்துவதுபோல உடுத்தியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நேராக வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். அந்த ஜமுக்காளத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களும் நகர்ந்தார்கள். அத்தனை பெரிய ஜமுக்காளத்தில் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் ஓடிப்போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் மடியிலிருந்து நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். சுவரிலிருந்து உரித்துக் கொண்டுவந்திருந்தார், பின்பக்கம் காரை ஒட்டியிருந்தது.

"நீங்கதானே கூப்பிட்டுருக்கீக?" என்றார். சத்தமாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

செயலாளர் நோட்டீஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

எதிரணியில் ஒரு வக்கீல். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்துவிட்டிருந்த சமயம் அது. "குடிக்கு லைசென்ஸ் கொடுத்தாயிற்று, அடுத்து இதற்குமா? நாளைக்குத் திருட்டுக்கும் ஒரு லைசென்ஸ் போடுவோமா?" என்று தொடங்கினார். மண்டபம் அதிர்ந்தது. அதோடு நின்றிருந்தால் அவரை நான் சுலபமாக மடக்கியிருப்பேன். ஆனால் அவர் சொன்ன இன்னொன்று இன்றுவரை என்னை விடவில்லை. "அனுமதிச் சீட்டு அவள் பேரில் இருக்கும், வீட்டுச் சாவி இன்னொருவன் இடுப்பில் இருக்கும். சட்டம் அவனுக்குத்தான் காவல் நிற்கும்" என்றார்.

என் முறை வந்தது. எழுதிவைத்ததை விட்டுவிட்டுப் பேசினேன். இந்த ஊரில் கோயிலுக்கும் பள்ளிக்கும் இருநூறு கெஜம் தள்ளி ஓரிடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். நோயாளி அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றுவது எந்த ஊரில் குற்றம் என்றேன். அனுமதிச் சீட்டு இருந்தால் போலீஸ் நினைத்த நேரத்தில் கதவைத் தட்ட முடியாது, டாக்டரிடம் கூசாமல் போகலாம், அடித்தவன் மேல் புகார் கொடுக்கலாம் என்றேன். போகிறவனுக்குச் சட்டம் இல்லை, இருக்கிறவளுக்கு மட்டும் சட்டமா என்று கேட்டபோது வலப்பக்கம் ஒரு தும்மல்கூட இல்லை. வக்கீல் சொன்ன சாவிப் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லாமல் தாண்டிப் போனேன்.

இடைவேளையில் சோடா கொடுத்தார்கள். அந்தப் பெண் மேடையோரம் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நீங்க சொன்ன அந்தச் சீட்டு எங்குட்டுக் குடுக்குறாக? தாலுகா ஆபீஸுலயா?"

"அப்படி ஒண்ணும் இப்ப இல்லக்கா. குடுக்கணும்னு பேசினேன். இது கோர்ட்டு இல்ல, சும்மா பேச்சுதான்" என்றேன். அக்கா என்று எப்படி வந்ததோ தெரியவில்லை, வந்துவிட்டது.

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "சும்மா பேச்சுக்கா இம்புட்டுப் பேரு வந்து உக்காந்துருக்காக? இன்ஸ்பெக்டர் வந்துருக்காரு, வக்கீலு வந்துருக்காரு. சும்மாவா?"

முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தது உண்மைதான். மாலை போட்டு மரியாதை செய்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் பள்ளிக் குழுவினர்.

நான் நடுவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணே வந்திருக்கிறார், இதை விசாரணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், தீர்ப்பில் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்றேன். "நாம தமிழுக்காகப் பேசுறோம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடித்தார்.

தீர்ப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். என் பேச்சைப் பாராட்டினார், பெண்ணின் துணிவு என்றார், கைதட்டச் சொன்னார். பிறகு, பண்பாடு மிக்க இந்த மண்ணில் அத்தொழிலுக்கு அனுமதி கூடாது என்றார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பெண்கள் பக்கமும் தட்டியது.

கைதட்டல் ஓய்ந்தபோது அந்தப் பெண் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"அய்யா, எங்கம்மாவுக்கு எந்திரிக்க ஏலாது. ஆடியில எவரும் வீடு தரமாட்டேங்குறாக. ஆவணி பெறக்கட்டும், நானே போயிர்றேன். அதுவரைக்கும் தவணை குடுங்கய்யா."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வலப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. நடுவர் கூட்டத்தைப் பார்த்தார். மேடையில் பழுத்தவர் அவர், கூட்டத்துக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. மைக்கைக் கிட்டே இழுத்து, குரலைக் கனப்படுத்திக்கொண்டு, "ஆவணி பிறக்கும் வரை தவணை வழங்கினேன்" என்றார்.

கூரை பறந்துவிடும்போலக் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அந்தப் பெண்ணோ கும்பிட்ட கையை இறக்காமலே பின்னால் நடந்து போனார். முகம் தெளிந்திருந்தது. வந்த நேரத்திலிருந்து அப்போதுதான் அவர் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் நான் சந்துக்குப் போனேன். அது விளையாட்டு, யாரும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம் என்று சொன்னேன். என் மாமியாரின் ஊர்ப்பக்கம் விசாரிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவருக்கு என் மேல் எரிச்சல் வந்துவிட்டது. "ஒங்க பக்கம் தோத்துப்போச்சுன்னு இப்படிப் பேசுறீக டீச்சரம்மா. எனக்குத் தவணை குடுத்தத ஊரே கேட்டுச்சு" என்று சொல்லி அம்மாவுக்கு முதுகைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா கட்டிலில் கிடந்தபடியே என்னைப் பார்த்து ஒரு கண்ணால் சிரித்தார்.

ஆடி பதினெட்டு அன்று பள்ளி உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டது. அடுத்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து ஆசிரியையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மாட்டுவண்டி. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி அதில் ஏற்றியிருந்தார்கள். சந்து முழுக்கக் கூட்டம். பட்டிமன்றத்தில் தட்டிய கைகளில் பலவற்றை அங்கே பார்த்தேன்.

"நடுவரய்யா ஆவணி வரைக்கும் குடுத்துருக்காரு ஏட்டய்யா. ஒங்க இன்ஸ்பெக்டரும் இருந்தாரே!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. "நீங்க இருந்தீகள்ல டீச்சரம்மா, சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாக."

ஏட்டு சங்கடத்தோடு சிரித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. "டீச்சர், நீங்களே இதுக்கு எடுத்துச் சொல்லுங்க. அது விளையாட்டுக்குச் சொன்னதுன்னு."

"விளையாட்டுக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன். "தவணை குடுத்தது உண்மை. நான் மேடையில இருந்தேன். என் காதால கேட்டேன். இந்தா நிக்கிறாகளே, இவுக எல்லாரும் கேட்டாக. கேட்டுட்டுத்தான் கை தட்டுனாக. ஒருத்தராச்சும் இல்லைன்னு சொல்லட்டும்."

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஏட்டு என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வண்டிக்காரருக்குக் கை காட்டினார்.

அவர் அதற்கு மேல் கத்தவில்லை. நான் சொன்னதே போதும் என்பதுபோல ஆகிவிட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறி, அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மானாமதுரையில் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்றார். அந்த ஒருத்தி யார், அந்த வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

வண்டி நகர்ந்தது. சந்து முனையில் திரும்புமுன் அவர் குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, அந்த நடுவரய்யாவுக்கு இது தெரிஞ்சா விட்டுருவாரா?"

"விடமாட்டாரு அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதிர்ச்சுவரில் நோட்டீஸை உரித்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சாப்பாட்டு மணி முடிந்து பள்ளியில் அடுத்த மணி அடித்தார்கள். நடுவர் கூட்டம் முடிந்த அன்றைக்கே பொன்னாடையோடு ரயிலேறித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருந்தார்.